ஓரத்து வரி

புளி உடைக்கிற மாதம் வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கிய புளியைக் கச்சிராயபாளையம் சாலையோரம் தார்ப்பாய் விரித்துக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுகிறார்கள். சதை ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. வேறு எவனுக்காவது நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பீரோ மேல் கிடந்த உன் மஞ்சப்பையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பையில் இரண்டே பொருள். ஒன்று தகர டப்பா. பாதி புளியங்கொட்டை, பாதி வெள்ளை மொச்சை. மொச்சையை வண்டு துளைத்திருக்கிறது. இன்னொன்று அட்டை பிய்ந்த நீள நோட்டு. உன் காரியத்தன்று உன் மனைவி இந்தப் பையை என் கையில் திணித்து, பொண்ணு கொடுக்கச் சொன்னாள் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் ஏன் எதற்கு என்று கேட்க முடியவில்லை. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. இது உடம்பு அலுப்பு மட்டும் இல்லை. சர்க்கரை ஆலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது, முட்டி வலிக்கிறது, சாயங்காலமானால் எழுத்து கலங்குகிறது, அதெல்லாம் எவனுக்கும் உள்ளதுதான். இந்த அலுப்பு ஒரு விஷயத்தைப் பதினைந்து வருஷம் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தவனுக்கு வருகிற அலுப்பு. உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ போன பிறகு சொல்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீயே திட்டுவாய். திட்டு.

நான் எடைமேடையில் நிரந்தர ஆள். நீ சீசன் ஆள். கரும்பு வருகிற வரை உனக்கு வேலை, அரவை நின்றால் மலைக்குப் போய்விட வேண்டும். முதல் நாள் நீ ஒரு ரப்பர் செருப்போடு வந்து வாசலில் நின்றாய். டிராக்டர்களும் மாட்டு வண்டிகளும் கேட்டுக்கு வெளியே அரை மைலுக்கு நின்றிருந்தன. டோக்கன் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாய். மதியத்துக்குள் என் கணினியில் எடை ஏற்றுகிற நிரலில் ஒரு கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. பகுதிநேரமாக டிப்ளமோ படித்து, அந்த நிரலை நானே தட்டி எழுதியிருந்தேன். இவன் யார் மலையிலிருந்து வந்து சொல்ல என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. ஐ.டி.ஐ.யில் ஒரு வருஷம் கணினி படித்தேன் என்று அப்புறம்தான் சொன்னாய். அன்றைக்கே எனக்கு உன் மேல் பிரியமும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. இரண்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

மழை பெய்து கரும்பு வரத்து நின்ற ஒரு வாரத்தில்தான் உனக்கு அந்த ஆட்டத்தைக் காட்டினேன். கோ என்று பேர், சீனாக்காரன் ஆட்டம் என்றேன். ஒரு ஹார்டுபோர்டு அட்டையில் ஸ்கேல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் ஒன்பது ஒன்பது கோடு போட்டோம். கோடுகள் சந்திக்கிற இடத்தில் காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. நாலு பக்கமும் எதிரி அடைத்துவிட்டால் அந்தக் காய் செத்தது, எடுத்துவிட வேண்டும். நீ கேட்டுவிட்டு, ஆடுபுலி ஆட்டம்தான், ஆனால் ஆடும் நகராது புலியும் நகராது, சோம்பேறிகள் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சிரித்தாய். மறுவாரம் ஊரிலிருந்து இந்த டப்பாவோடு வந்தாய். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. ஒரு மாதத்தில் என்னை ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்கடித்தாய்.

இந்த ஆட்டத்தில் உயிர் என்பது கண்ணில் இருக்கிறது. ஒரு கூட்டம் காய்கள் தனக்கு நடுவில் ஒரு காலியிடத்தை வளைத்து வைத்துக்கொண்டால் அதற்குக் கண் என்று பேர். ஒரு கண் மட்டும் இருந்தால் எதிரி வெளியே சுற்றி வளைத்து, கடைசியாக அந்தக் கண்ணிலும் காயை வைத்துக் கொன்றுவிடுவான். இரண்டு கண் இருந்தால் அந்தக் கூட்டத்தை யாராலும் அசைக்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்க எதிரிக்கு வழி இல்லை. இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு எத்தனை மதியம் பேசியிருக்கிறோம்!

பிறகு எனக்குத்தான் அந்த ஆசை வந்தது, கணினியை இந்த ஆட்டம் ஆட வைக்க வேண்டும் என்று. அந்தச் சமயத்தில் இணையத்தில் எல்லோரும் ஒரு முறையைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். கணினிக்கு எந்த இடம் நல்ல இடம் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு காயை வைத்துவிட்டு, அங்கிருந்து ஆட்டம் முடிகிற வரைக்கும் இரண்டு தரப்புக்கும் அதுவே கண்டபடி காய் வைத்து ஆடிப் பார்க்கும். அப்படித் திரும்பத் திரும்ப ஆடி, எந்த இடத்தில் ஆரம்பித்தால் ஜாஸ்தி தரம் ஜெயிக்கிறதோ அந்த இடத்தையே நிஜ ஆட்டத்தில் வைக்கும். நீ அதற்குக் குருட்டாட்டம் என்று பேர் வைத்தாய். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

முதல் குருட்டாட்டத்தை ஓட விட்ட நாள் எனக்கு மறக்காது. சாப்பாட்டு வேளைக்கு முன் ஓட விட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரே ஆட்டம் இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்டபடி ஆடுகிற ஆட்டம்தானே, அது தன் கண்ணிலேயே தான் காய் வைத்துக்கொண்டது. கண் போனதும் கூட்டமே செத்து, பலகை காலியாகி, மறுபடி நிரம்பி, மறுபடி செத்து. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"தன் வூட்டு வாசல தானே அடைச்சிக்கினு, உள்ள மூச்சு முட்டி சாவுதுண்ணா இது."

ஆக ஒரே ஒரு விதி வேண்டியிருந்தது. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள், உன் கண்ணில் மட்டும் வைக்காதே. சரி, கண் என்றால் என்ன? பலகையைப் பார்த்தால் மனிதனுக்குத் தெரிந்துவிடுகிறது. கணினிக்கு நாம் சொல்ல வேண்டும். நான் ஐந்து நிமிடத்தில் எழுதினேன். காலியிடத்தின் நாலு பக்கமும் சொந்தக் காய் இருந்தால் அது கண். பெரிய சாதனை செய்த மாதிரி உன்னைப் பார்த்தேன். நீ டப்பாவைத் திறந்து பலகையில் காய்களை அடுக்க ஆரம்பித்தாய்.

அன்று சனிக்கிழமை. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் ஓடவில்லை. நீ ஊருக்குப் போக முடியாமல் எடைமேடை அறையிலேயே தங்கிவிட்டாய். பொண்ணுக்கு வாங்கிய பொரி உருண்டை மேஜை மேல் இருந்தது. அந்த எரிச்சலில்தான் உனக்கு அது தோன்றியது என்று நினைக்கிறேன். பலகையின் நடுவில் ஒரு கண் செய்தாய். அதன் நாலு மூலையில் ஒரு மூலையில் மட்டும் எதிரியின் மொச்சையை வைத்தாய். பிறகு பலகையின் ஓரத்துக் கோட்டில் ஒரு கண் செய்து, அதற்கும் ஒரு மூலையில் மொச்சையை வைத்தாய்.

"நல்லா பாருண்ணா. கீழ நைனார்பாளையத்துல ரோட்ட வெட்டிட்டா நீ இன்னா பண்ணுவ? வேற ஊரு வழியா சுத்திக்கினு வந்துடுவ. நடுவுல இருக்கறவனுக்கு ஒரு மூலை போனாலும் மத்த மூணு மூலை இருக்குது. ஓரத்துல இருக்கறவனுக்கு ஏது சுத்துவழி? ஒண்ணு போனாலே ரெண்டு துண்டு."

பார்த்தேன். நடுவில் இருந்த காய்கள் ஒரு மூலை போன பிறகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே கூட்டமாக நின்றன. ஓரத்தில் இருந்தவை உண்மையாகவே துண்டாகிவிட்டன. அங்கே அந்தக் காலியிடம் கண் மாதிரி தெரிந்தாலும் கண் இல்லை. எதிரி நெருக்கினால் அதே இடத்தில் காய் வைத்து இரண்டு துண்டையும் சேர்த்தாக வேண்டும். என் விதி அதைச் செய்ய விடாது. கண் என்று நினைத்துக் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கும்.

அப்படி வந்ததுதான் உன் விதி. நடுவில் என்றால் மூலையில் ஒரு எதிரி வரை பொறுக்கலாம். ஓரத்தில் என்றால் ஒருவன்கூடக் கூடாது. நிரலில் ஓரத்துக்கென்று தனியாக ஒரு வரி. அதை நீ தட்டினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அதற்கு ஓரத்து வரி என்று பேர். அதை எழுதிய பிறகு நம் நிரல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது.

அடுத்த வருஷம் சேலம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இப்படிப்பட்ட நிரல்களை மோதவிட்டு ஒரு போட்டி வைத்தார்கள். நான் நம் நிரலைப் பற்றி ஒரு விளக்கம் எழுதி அனுப்பினேன், கண் விதியையும் அதில் சொல்லியிருந்தேன். அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் பதில் எழுதினார். கண் விதியை இவ்வளவு சுத்தமாக எழுதியவர் யார், எங்கள் ஆய்வகத்தில் நிரந்தரமாக ஒரு உதவியாளர் தேவைப்படுகிறார், போட்டியன்று அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று. அந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ வாங்கி இன்னொரு தரம் நீயே படித்தாய். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாய். பொண்ணு அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் ஆசிரியர் வந்தால் வருவார், இல்லாவிட்டால் இல்லை. அந்த வேலை கிடைத்தால் குடும்பத்தைக் கீழே அழைத்து வந்துவிடலாம், பொண்ணை நல்ல பள்ளியில் சேர்க்கலாம் என்று சொன்னாய். வேறு எதையும் நீ ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் கடிதத்தில் என் பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்பதும் முள்ளாகக் குத்தியது. நிரலின் முக்கால்வாசி நான் எழுதியது. அதை எவன் கேட்டான்?

போட்டியன்று காலை நாம் சீக்கிரமே போய்விட்டோம். நீ கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாய். ஒவ்வொரு காய்க்கும் இவ்வளவு நேரம்தான் என்று அங்கே கறாராகச் சொன்னார்கள். நாம் கொண்டுபோன என் மடிக்கணினி பழசு. மற்றவர்களுடையது எல்லாம் புதுசு. எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. நேரத்துக்குள் நம் நிரல் ஜாஸ்தி குருட்டாட்டம் ஆடினால்தானே ஜெயிக்கும்? ஒவ்வொரு காய் வைக்கும்போதும் இது ஓரமா நடுவா என்று பார்ப்பது நேரத்தைத் தின்கிறது என்று தோன்றியது. நீ டீ வாங்கப் போயிருந்தாய். ஓரத்து வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். அவ்வளவுதான், அந்த வரி அங்கேயே இருக்கும், ஆனால் ஓடாது. நடுவுக்கான விதியே ஓரத்துக்கும் நடக்கும். இரண்டு ஆட்டம் ஓட்டிப் பார்த்தேன். வேகமாக ஓடியது, இரண்டிலும் ஜெயித்தது. என் பங்குக்கு நானும் ஒன்று செய்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. நீ வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ டீயோடு வந்தபோது நம் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். நமக்குக் கறுப்பு. பாதி ஆட்டம் வரை நாம்தான் முன்னால் இருந்தோம். அப்புறம் கீழ் ஓரத்தில் வந்தது அது. நம் ஏழெட்டுக் காய் ஒரு வாலாக நீண்டு கிடந்தது. அந்த வாலையும் உடம்பையும் சேர்க்கிற ஒரே ஒரு காலியிடம், ஓரத்துக் கோட்டில். எதிராளி அதன் மூலையில் ஒரு வெள்ளைக் காயை வைத்துவிட்டு, வாலைச் சுற்றியிருந்த காலியிடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தான். அந்த இடத்தில் ஒரு காய் வைத்தால் போதும். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. நம் நிரலுக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கு அது கண். அது எங்கெங்கோ வைத்துக்கொண்டிருந்தது. மூன்று முறை அதற்கு அவகாசம் கிடைத்தது. பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான்காவது முறை வெள்ளை அங்கே வைத்து மொத்த வாலையும் அள்ளிக்கொண்டு போனது.

நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை.

பேராசிரியர் எழுந்து வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. இந்தக் கண் விதியை எழுதியது யார் என்று கேட்டார். உள்ளதைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு நொடி இருந்தது. அந்த நொடியின் நீளம் எனக்கு இன்னும் தெரியும்.

"நான்தான் சார்," என்றாய்.

அடிப்படை இன்னும் பலமாக வேண்டும், படித்துவிட்டு வாருங்கள் என்று உன் தோளைத் தட்டிவிட்டு அவர் போனார். உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று வெளியே போய்விட்டாய். இனிமேல் சொல்லப்போவதைத்தான் என்னால் எழுத முடியவில்லை, இரண்டு தரம் பேனாவை மூடிவிட்டேன். நான் திரும்பவும் கணினியின் முன் உட்கார்ந்து அந்த இரண்டு சாய்கோட்டையும் அழித்தேன். எடுத்ததாவது அவசரத்தில் செய்தது. திரும்ப வைத்தது நிதானமாக, யோசித்து, நீ பார்த்துவிடக் கூடாது என்று செய்தது. களவாணித்தனம் அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆத்தூர் தாண்டியதும், எங்கே தப்பு விட்டேன் என்று தெரியவில்லையே என்றாய். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் இறங்கி மலைக்குப் போகிற வண்டியில் நீ ஏறினாய். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது.

மறுநாள் நீ நிரலைத் திறந்து பார்த்தாய். எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்து வரி அதனிடத்தில் இருந்தது. அதனால்தான் நீ தப்பை வேறு எங்கெங்கோ தேடினாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து தேடினேன், தெரியுமா? என்னைப் போல ஒருவன் இருப்பானா? இன்னும் இரண்டு சீசன் வந்தாய். பிறகு சீசனுக்கும் வரவில்லை. மரவள்ளி போட்டாய், கடுக்காய் பொறுக்கினாய். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கீழே வரும்போது என் வீட்டுக்கு வருவாய், பலாச்சுளையோ தேனோ கையில் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப்பையிலிருந்து நாலு புளியங்கொட்டையை எடுத்து மேஜையில் வைப்பாய்.

"ண்ணா, அன்னிக்கு அது ஏன் அங்க வெக்கல?"

பழசை விடுய்யா என்பேன். இப்போது எவன் குருட்டாட்டம் ஆடுகிறான், புது நிரல்கள் எல்லாம் தானே ஆடித் தானே கற்றுக்கொள்கின்றன, கண் என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை என்பேன். அது உண்மைதான். நாம் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த விதி இன்று யாருக்கும் வேண்டாம். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு வசதியாக இருந்தது. நீ தலையை ஆட்டிவிட்டுக் கொட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாய்.

தை மாதம் உனக்கு நெஞ்சு வலித்தது. மலையிலிருந்து இறங்கும் வழியிலேயே முடிந்துவிட்டது. சுத்துவழி இல்லாத பாதை என்று நீ சொன்னதை உன்னைப் பார்க்க வந்த அன்று அந்த வளைவுகளில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

நோட்டைத் திறக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. திறந்தால் முதல் பக்கத்தில் அந்தப் போட்டி ஆட்டம், காய் காயாக. நினைவிலிருந்தே எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலிருந்து தேடல். ஓரத்தில் வருகிற ஒவ்வொரு கண்ணும், மூலையில் வருகிற ஒவ்வொரு கண்ணும், எதிரி எங்கெங்கே இருந்தால் என்னென்ன ஆகும் என்று பேனாவால் வட்டம் வட்டமாக. ஒவ்வொரு படத்தின் கீழும் "விதி சரி" என்று எழுதியிருக்கிறாய். பக்கம் பக்கமாக "விதி சரி". சில பக்கத்தில் மை மாறியிருக்கிறது, சிலதில் எண்ணெய்க் கறை. எத்தனை வருஷம் இதைச் செய்தாய்? சரியாக எழுதியவன் சரியாக எழுதியதிலேயே தப்பைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறாய். பாதி நோட்டுக்கு மேல் வெறும் தாள். மூடிவிட்டேன். அன்றைக்கு என் மனைவி என்ன ஆச்சு என்று கேட்டதற்கு நாயாக விழுந்தேன்.

போன வாரம் மலைக்குப் போனேன். உன் மனைவியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அவள் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், சாய்கோடு போட்டது, அழித்தது, பஸ்ஸில் தூங்குகிற மாதிரி நடித்தது வரைக்கும். அவளுக்கு ஆட்டமும் தெரியாது கணினியும் தெரியாது. ஆனால் எல்லாம் புரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவரு எழுதனது சரிதானாண்ணா?"

சரிதான், ஆரம்பத்திலிருந்தே சரிதான் என்றேன்.

"இத்த அவரு இருக்கசொல்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மறுபடி கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கும்போது, கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா என்றாள். இல்லை என்றேன். பொண்ணு அதற்காகத்தான் உங்களிடம் கொடுக்கச் சொன்னாள், அதற்குப் பதில் வேண்டுமாம் என்றாள். உன் பொண்ணு இப்போது திருக்கோவிலூரில் தங்கி பி.எட். படிக்கிறாள். சனிக்கிழமைதான் வருவாளாம்.

வீடு வந்து சேர்ந்தும் ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. இன்று புளி வாசனை வந்து பிடரியில் தட்டியது. திருப்பினேன். வெறும் தாள்களைத் தாண்டிக் கடைசிப் பக்கத்தில், நடுவில், நீல மையில் இருக்கிறது.

"ஓரத்து வரி அன்னிக்கு ஓடுச்சா? அண்ணங்கிட்ட கேக்கணும்."

அதன் கீழே கறுப்பு மையில் ஒரே வார்த்தை. "வேணாம்."

இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று தெரியவில்லை. நீ கெட்டிக்காரன். எல்லா வழியையும் அடைத்துப் பார்த்து, மிச்சம் இருந்த ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாய். கேட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்துக் கையை எடுத்துக்கொண்டாயா? இல்லை, அண்ணன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று நம்பி எழுதினாயா? என்னால் பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வேணாம் எழுதிய பிறகுமா என் வீட்டுக்குப் பலாச்சுளை கொண்டுவந்தாய்? அதற்குப் பிறகுமா கொட்டையை மேஜையில் வைத்து, ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டாய்? அப்படியென்றால் நீ நிரலைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு அவகாசம் கொடுத்திருக்கிறாய். நான் ஒவ்வொரு முறையும் எங்கெங்கோ வைத்தேன்.

மதியம் பழைய கணினியைத் தட்டி எழுப்பினேன். அதே ஆட்டத்தை அதே இடம் வரைக்கும் கொண்டுவந்து, உன் வரியோடு ஓட விட்டேன். யோசிக்கவே இல்லை. நேராக அந்த ஓரத்து இடத்தில் காயை வைத்து வாலைச் சேர்த்துக்கொண்டது. கணினியை அணைத்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

இந்த டப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன். இன்று நாலு புளியங்கொட்டையை எடுத்து என் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன், உன்னைப் போலவே. குனிந்தால் கலகலக்கின்றன. யாராவது என்னிடம் ஏதாவது கேட்கும்போது கை அங்கேதான் போகிறது.

நோட்டு என்னுடையது இல்லை. உன் வேணாமுக்குக் கீழே உன் பொண்ணுக்கு எழுதிவிட்டேன்: "ஓடவில்லை. நான் எடுத்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் திரும்ப வைத்துவிட்டேன். உன் அப்பா எழுதியது சரி." தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நாளை சனிக்கிழமை. முதல் வண்டியில் நோட்டை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறேன். உன் பொண்ணு வந்திருப்பாள். அவள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.